நார் செய்த குற்றம் என்ன?

நல்ல இஞ்சியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்விக்குத் தமிழில் இன்று ஒரே ஒரு விடைதான் புழக்கத்தில் இருக்கிறது. தோல் மழமழப்பாக இருக்க வேண்டும். விரல்கள் பருத்திருக்க வேண்டும். நிறம் வெளுத்திருக்க வேண்டும். மண் ஒட்டியிருக்கக் கூடாது. உடைத்தால் நார் தெரியக் கூடாது. வார இதழ்களின் சமையல் இணைப்பு, தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சி, கைபேசியில் சுற்றிவரும் குறிப்பு என்று எங்கே பார்த்தாலும் இந்த ஐந்து கட்டளைகளே கண்ணில் படுகின்றன. வரிசை மாறுகிறது, கட்டளை மாறுவதில்லை. இந்த ஐந்தில் மூன்று தவறு, ஒன்று பாதி உண்மை, மற்றொன்று தீங்கு என்பது என் கட்சி.

இலக்கியம் பேசும் இடத்தில் இஞ்சிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இஞ்சியைப் பற்றி நாம் பெருமையோடு பேசும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது சொல்லாராய்ச்சி. 'இஞ்சிவேர்' என்ற தென்னாட்டுச் சொல் பாலியில் சிங்கிவேரமாகவும் வடமொழியில் சிருங்கவேரமாகவும் ஆகி, கிரேக்கத்தில் சிங்கிபெரிஸ், லத்தீனில் சிங்கிபெர் என்று உருமாறி, ஆங்கிலத்தில் ஜிஞ்சராக வந்து நின்ற கதையை ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர் 1952இல் ஒரு தனி நூலாகவே எழுதினார். வடமொழியில் அச்சொல்லுக்குக் கொம்பைப் போன்ற உடலுடையது என்று பின்னால் ஒரு பொருளும் பொருத்தப்பட்டது. பட்டினப்பாலை சோழநாட்டு வயல்வளத்தைச் சொல்லும்போது சேம்போடு சேர்த்து இஞ்சியைச் சொல்கிறது. மதுரைக்காஞ்சியில் அது மஞ்சளுக்குப் பக்கத்தில் வருகிறது. இவற்றையெல்லாம் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். மேடையிலிருந்து இறங்கிக் காய்கறிக் கடைக்குப் போய் நிற்கும்போது, உலகத்துக்கே சொல்லைக் கொடுத்த வீட்டுக்காரர்களுக்குப் பொருளைத் தெரியவில்லை. கண்ணை மட்டும் நம்பி, மூக்கையும் விரலையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்களாக நிற்கிறோம்.

1

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். புதிய இஞ்சி வேறு, இளம் இஞ்சி வேறு. மண்ணிலிருந்து தோண்டி எத்தனை நாளாயிற்று என்பது முதல் கேள்வி. மண்ணுக்குள் எத்தனை மாதம் இருந்தது என்பது இரண்டாவது கேள்வி. ஒன்பது மாதம் முற்றிய இஞ்சியை நேற்றுத் தோண்டியிருந்தால் அது புதியது. ஆனால் இளையதல்ல. ஐந்தே மாதத்தில் பறித்து இருபது நாள் கிடங்கில் கிடந்த இஞ்சி இளையது. ஆனால் புதியதல்ல. நம் குறிப்பெழுத்தாளர்கள் இவ்விரண்டையும் 'ஃப்ரெஷ்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அதன் விளைவாக முற்றிய இஞ்சி என்பதற்கே பழைய இஞ்சி, வாடிய இஞ்சி என்ற பொருள் ஏறிவிட்டது.

ஜப்பானியர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. கோடையில் வரும் இளம் இஞ்சியை ஷின் ஷோகா என்றும், முற்றவைத்துச் சேமித்த இஞ்சியை ஹினே ஷோகா என்றும் தனித்தனியாகப் பெயரிட்டு, வேறுவேறு வேலைக்கு வாங்குகிறார்கள். பச்சை மீன் உணவோடு தட்டில் வைக்கும் இனிப்பு-புளிப்பு ஊறலுக்கு முதலாவது, துருவிச் சாறு பிழிய இரண்டாவது. சீனர்களிடம் ஒரு பழமொழியே இருக்கிறது: முற்றிய இஞ்சிக்குத்தான் காரம் அதிகம் என்று. வயதில் மூத்தவர்களின் அனுபவத்தைப் புகழ அதைச் சொல்வார்கள். நம்மிடமும் பிஞ்சு இஞ்சி, முற்றின இஞ்சி என்ற பேச்சு இருந்தது, இன்னும் கிராமத்துச் சந்தைகளில் இருக்கிறது. அச்சேறும் குறிப்புகளில் மட்டும் அது காணாமல் போயிற்று.

தாவர நூல் சொல்லும் சங்கதி எளிமையானது. இஞ்சி வேரல்ல. மண்ணுக்கடியில் படுத்து வளரும் தண்டு. கேரளத்திலும் அதையொட்டிய மலைப்பகுதிகளிலும் ஏப்ரல், மே மாதங்களின் கோடைமழையோடு நடுகிறார்கள். ஆறாம் மாதம் முதல் பச்சைக் கறிக்காகத் தோண்டலாம். எட்டு மாதத்துக்கு மேல் இலை மஞ்சளாகிக் காய்ந்த பிறகு தோண்டுவது சுக்குக்கு. இந்த இடைப்பட்ட காலத்தில் மண்ணுக்குள் நடப்பதுதான் நம் வழக்கின் மையம். ஆரம்பத்தில் கிழங்கில் தண்ணீர் மிகுதி, நார் குறைவு, தோல் சவ்வு போலிருக்கும். போகப்போக மாவுச்சத்து சேர்கிறது, எண்ணெய் கூடுகிறது, காரம் ஏறுகிறது. கூடவே நாரும் வலுக்கிறது. ஆக நார் என்பது தரக்குறைவின் அடையாளம் அல்ல. வயதின் அடையாளம். காரம் வேண்டும், நார் வேண்டாம் என்பது, தலை நரைக்கக் கூடாது ஆனால் அனுபவம் வேண்டும் என்று மாப்பிள்ளை தேடுவதைப் போன்றது.

2

நார் கூடாது என்ற விதி எங்கேயும் செல்லாது என்று சொல்ல வரவில்லை. அது செல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த இஞ்சி பெரிய தொழில். அங்கே அதற்கான இஞ்சியை நார் வலுப்பதற்கு முன்பே, பருவத்தின் தொடக்கத்திலேயே அறுவடை செய்துவிடுகிறார்கள். கடித்துத் தின்னும் மிட்டாயில் நார் பல்லில் சிக்கினால் யாரும் வாங்கமாட்டார்கள். எனவே நாரின்மை அங்கே நியாயமான அளவுகோல். நம் வீட்டில் அதற்கு இணையான வேலைகள் சில உண்டு. எலுமிச்சைச் சாற்றில் ஊறும் இஞ்சித் துண்டுகள், பச்சையாக அரிந்து போடும் தயிர்ப் பச்சடி, ஊறுகாய். இவற்றுக்குப் பிஞ்சு இஞ்சிதான் வேண்டும். நகத்தால் கீறினால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், மொட்டின் நுனியில் இளஞ்சிவப்பு தெரிய வேண்டும்.

ஆனால் ஒரு சராசரித் தமிழ் வீட்டில் வாங்கும் இஞ்சியில் எத்தனை பங்கு பச்சடிக்குப் போகிறது? பெரும்பகுதி தேநீரில் தட்டிப் போடவும், பூண்டோடு விழுதாக அரைக்கவும், ரசத்தில் நசுக்கிப் போடவும், சாறெடுத்துத் தேனில் குழைக்கவும், தீபாவளிக்கு லேகியம் கிண்டவும் போகிறது. இவற்றில் ஒன்றிலாவது நார் நாவில் படுகிறதா? தேநீரில் அது வடிகட்டியோடு நின்றுவிடுகிறது. சாற்றில் பிழிந்த சக்கையோடு போய்விடுகிறது. விழுதில், நாருக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக நறுக்கிக்கொண்டு அரைத்தால் நார் துண்டுபட்டு மறைந்துவிடுகிறது. நீளவாக்கில் நறுக்கி மிக்ஸியில் போட்டுவிட்டு, பிளேடில் நார் சுற்றிக்கொண்டது என்று இஞ்சியைத் திட்டுபவர்கள் கத்தி பிடிக்கும் கையைத்தான் திட்ட வேண்டும்.

காரத்தின் வேதியியலையும் பார்த்துவிடலாம். பச்சை இஞ்சியின் காரத்துக்கு முதன்மையான காரணம் ஜிஞ்சரோல். உலர்த்தும்போது அது நீர்க்கூறை இழந்து ஷோகோல் ஆகிறது. ஜப்பானியரின் ஷோகாதான் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. அது ஜிஞ்சரோலைப் போல ஏறக்குறைய இருமடங்கு காரமானது. சுக்குக் காப்பி பச்சை இஞ்சித் தேநீரைவிட நெஞ்சைச் சுடுவதற்கு இதுவே காரணம். நெடுநேரம் கொதிக்கவைத்தாலோ ஜிஞ்சரோலின் ஒரு பகுதி ஜிஞ்ஜெரோனாக மாறி, காரம் தணிந்து ஒருவித இனிய மணம் எழுகிறது. ஆகவே கொதிக்கும் பண்டத்தில் போடும் இஞ்சி தொடக்கத்திலேயே காரம் மிகுந்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் கோத்த இளம் இஞ்சியைக் கொதிநீரில் போட்டுவிட்டு, இந்தக் காலத்து இஞ்சியில் காரமே இல்லை என்று பெருமூச்சு விடுவதில் நியாயமில்லை. காரமில்லாததைத் தேடிப் பொறுக்கியவர்கள் நாம்தான்.

சித்த மருத்துவ மரபு காலையில் இஞ்சி, நடுப்பகலில் சுக்கு என்று ஒரே கிழங்கை இரண்டு மருந்துகளாகப் பிரித்தது. தோலை நஞ்சென்று சொல்லிச் சீவச் சொன்னது. சாற்றைத் தெளியவைத்து அடியில் தங்கும் வெண்படிவை நீக்கச் சொன்னது. அந்த வெண்படிவைச் சுண்ணாம்பு என்பார்கள். அதில் பெரும்பங்கு மாவுச்சத்துதான். அம்மரபின் காரணங்களை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் இஞ்சியை வயதாலும் பயனாலும் பிரித்துப் பார்த்த கண் அதில் இருந்தது. கைபேசிக் குறிப்பில் அது இல்லை.

3

பருமன் என்னும் அளவுகோலுக்கு வருவோம். பருத்த விரல்களைக் கொண்ட இஞ்சி என்பது பெரும்பாலும் ரகத்தைப் பற்றிய செய்தி. தரத்தைப் பற்றிய செய்தி அல்ல. நம் நாட்டில் பல ரகங்கள் உண்டு. மாரன், நாடியா, ஹிமாச்சல், கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட வரதா, மஹிமா, ரெஜதா என்று பட்டியல் நீளும். இவற்றோடு பிரேசிலிலிருந்து வந்த ரியோ டி ஜெனிரோவும் உண்டு. கர்நாடகத்து விவசாயிகளின் நாவில் அது ரிகோடி ஆகிவிட்டது. ரியோ பச்சை எடையில் வாரி வழங்கும். தண்ணீர் மிகுந்த ரகம். காயவைத்தால் சுருங்கிவிடும். மாரனோ காய்ந்த பிறகும் எடை நிற்கும் ரகம். நல்ல சுக்கு ரகத்தில் ஐந்து கிலோ பச்சை இஞ்சி காய்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ சுக்காகும். ரியோவில் அவ்வளவு தேறாது. நாம் கிலோக் கணக்கில் வாங்குவது இஞ்சியையா தண்ணீரையா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

இதற்காக விவசாயியைக் குற்றம் சொல்வது அற்பத்தனம். வயநாட்டிலிருந்து போய் மைசூர்ப் பக்கத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போடுபவருக்குக் குத்தகைப் பணம், விதைக்கிழங்கு, கூலி எல்லாம் முன்னாலேயே போய்விடுகின்றன. ஒரு மழை கூடுதலாகப் பெய்தால் மென்னழுகல் நோய் வயலையே கரைத்துவிடும். பாக்டீரிய வாடல் வந்தால் அதே நிலத்தில் அடுத்த ஆண்டு நினைத்துப் பார்க்க முடியாது. இத்தனை அபாயத்தில் நிற்பவர் ஏக்கருக்கு அதிக எடை தரும் ரகத்தைத்தான் நடுவார். எடைக்குத்தானே நாம் காசு கொடுக்கிறோம்? காரத்துக்கென்று ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோமா?

வேடிக்கை என்னவென்றால், நமக்குத் தெரியாத இந்த வேறுபாடு மொத்தச் சந்தைக்கு நன்றாகத் தெரியும். கர்நாடகத்திலும் கேரளத்திலும் பழைய இஞ்சி, புது இஞ்சி என்று தனித்தனி விலை சொல்வது வழக்கம். விலை சரிந்த ஆண்டில் தோண்டாமல் மண்ணிலேயே விட்டுவைத்து, அடுத்த பருவத்தில் எடுப்பதே பழைய இஞ்சி. இரண்டும் ஒரே நேரத்தில் சந்தையில் இருக்கும்போது பழையதற்கே விலை கூடுதல். 2023ஆம் ஆண்டின் நடுவில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போனபோது நாடே இஞ்சியைப் பற்றிப் பேசியது. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று பேசியவர்கள் மிகச் சிலர். வியாபாரி மூட்டையைத் தொட்டுப் பார்த்து விலை சொல்கிறார். அதே மூட்டை சில்லறைக் கடைக்கு வந்ததும் பழையது, புதியது என்ற பெயர் உதிர்ந்து வெறும் 'இஞ்சி' ஆகிவிடுகிறது. அறிவு நம் வாசலுக்கு முந்தைய தெரு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது.

4

மண் ஒட்டக்கூடாது என்ற கட்டளையைத் தீங்கு என்றேன். காரணம் இதுதான். இஞ்சியின் தோல் மெல்லியது. அதுவே அதன் மூடி. வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரில் கழுவும்போது தோல் ஆங்காங்கே உரிகிறது. விரல்களுக்கு இடையே ஈரம் தங்குகிறது. உரிந்த இடத்தின் வழியாக உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது, வெளியிலிருக்கும் பூஞ்சை உள்ளே நுழைகிறது. மண்ணோடு நிழலில் உலரவிட்ட இஞ்சி பல வாரம் தாங்கும். பளிச்சென்று கழுவியதோ ஒரு வாரத்திலேயே பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். ஆயினும் கழுவிய இஞ்சியே நகரத்துக்கு வருகிறது. நகரம் அதைத்தான் கேட்கிறது.

வெளுப்பைத் தேடும் கண் இன்னும் கொஞ்சம் தூரம் போகும். அமிலம் கலந்த நீரில் முக்கியெடுத்து இஞ்சித் தோலைப் பளபளப்பாக்கும் வேலையைப் பற்றி வட மாநிலச் சந்தைகளிலிருந்து செய்திகள் வந்திருக்கின்றன. சுக்கையும் சுண்ணாம்பு நீரில் தோய்த்து வெள்ளையாக்கும் பழக்கம் பழையது. எல்லாக் கடைக்காரரும் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்வது அவதூறு. ஆனால் ஒரு சமூகம் முழுவதும் வெளுத்ததே நல்லது என்று நம்பினால், வெளுக்கவைக்கும் வித்தையை யாராவது ஒருவர் கண்டுபிடிக்கத்தான் செய்வார். குற்றம் அவர் கையில் இருக்கிறது, தூண்டுதல் நம் கண்ணில் இருக்கிறது. முகப்பூச்சு விளம்பரங்களை எதிர்த்து ஆவேசமாக எழுதுகிறவர்களும் கடையில் வெள்ளை இஞ்சியைத்தான் பொறுக்குகிறார்கள்.

மண்ணோடு வாங்கினால் மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்ற மறுப்பு நியாயமானது. ஒட்டியிருப்பது காய்ந்த மண்ணாக இருந்தால் ஒருமுறை தட்டினால் உதிர்ந்துவிடும். ஈரச் சேறாக அப்பியிருந்தால் வாங்காதீர்கள். அது எடைக்காகவும் இருக்கலாம், அழுகலின் தொடக்கமாகவும் இருக்கலாம். கழுவிய இஞ்சியின் இடுக்குகளில் தேங்கிய தண்ணீருக்கும் நாம் இஞ்சி விலைதான் கொடுக்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5

பாதி உண்மை என்று நான் சொன்னது தோலைப் பற்றிய கட்டளை. தோல் சுருங்கியிருக்கக் கூடாது என்பது சரி. மழமழவென்று இருக்க வேண்டும் என்பது தவறு. முற்றிய நல்ல இஞ்சியின் தோல் இறுக்கமாக, வளையம் வளையமாகக் கோடுகளோடு, சற்றே சொரசொரப்பாக இருக்கும். மழமழப்பு என்பது ஒன்று இளமை, அல்லது உரசல்.

சரி, எப்படித்தான் வாங்குவது? முதல் கேள்வி கடைக்காரரிடம் கேட்பதற்கல்ல, நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்கு: எதற்காக? பச்சடிக்கா, தேநீருக்கா? அதற்கு விடை தெரிந்த பிறகு கையை நீட்டலாம். எடுத்த துண்டு அதன் பருமனுக்குக் கனமாக இருக்க வேண்டும். உள்ளே காய்ந்துபோனது தக்கையாகக் கனக்காது. கட்டைவிரலால் அழுத்தினால் எங்கும் அமுங்கக் கூடாது. குறிப்பாக விரல்கள் பிரியும் கணுக்களில் அழுத்த வேண்டும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தோலில் சாம்பல் வெள்ளையாக வட்டவட்டமாகச் செதில் ஒட்டியிருந்தால் அது செதிற்பூச்சி. அதைத் தள்ளிவிடுங்கள். நகத்தால் ஓரிடத்தில் லேசாகக் கீறி மூக்கருகே கொண்டுபோக வேண்டும். எலுமிச்சையை நினைவூட்டும் ஒரு மணம் உடனே எழ வேண்டும். மண்வாடையோ புளித்த வாடையோ வந்தால் கீழே வைத்துவிடலாம். மாங்காய் மணம் வந்தால் அது மாங்காய் இஞ்சி. மஞ்சள் இனத்தைச் சேர்ந்த வேறு கிழங்கு, ஊறுகாய்க்கு அருமையானது, தேநீருக்கு ஆகாது.

உடைத்துப் பார்ப்பது பற்றி ஒரு சச்சரவு உண்டு. "உடைக்காதீங்க சார், அப்புறம் யாரும் வாங்கமாட்டாங்க" என்று தள்ளுவண்டிக்காரர் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. அவர் கைக்காசு போட்டு மூட்டையாக வாங்கி வந்தவர். ஆளுக்கொரு விரலை ஒடித்து முகர்ந்து போட்டுவிட்டுப் போனால் மாலையில் அவரிடம் மிஞ்சுவது துண்டுகள்தான். ஆனால் இஞ்சிக் குவியலில் உடையாத இஞ்சி என்று ஒன்று கிடையாது. தோண்டும்போதும் மூட்டை பிடிக்கும்போதும் ஒவ்வொரு துண்டும் எங்காவது ஒடிந்துதான் இருக்கும். அந்தப் பழைய காயத்தைப் பார்த்தாலே போதும். காயம் உலர்ந்து, தக்கை போல் மூடி, சாம்பல் நிறமாக இருந்தால் இஞ்சி முறையாக ஆறியிருக்கிறது. தாங்கும். அதில் வெண்பொடியோ பச்சைப் பூஞ்சையோ படிந்திருந்தால் வேண்டாம். ஈரமாக, மஞ்சளாக இருந்தால் இப்போதுதான் ஒடிந்தது. அங்கேயே முகர்ந்து பார்க்கலாம், நார் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து வயதையும் சொல்லிவிடலாம். யாருக்கும் நட்டமில்லாத சோதனை இது. உள்ளே இலேசாக நீலம் படர்ந்திருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. துண்டு கெட்டியாக இருந்து மணமும் சரியாக இருந்தால் அது கெட்டுப்போனதன் அறிகுறி ஆகாது. முளைவிட்டிருந்தாலும் உருளைக்கிழங்கைப் போல அஞ்ச வேண்டியதில்லை. முளையில் நஞ்சு கிடையாது. அந்தத் துண்டைத் தொட்டியில் ஊன்றிவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம்.

இந்தச் சோதனைகளில் எதையும் செய்ய விடாத இடம் ஒன்றிருக்கிறது. அதுதான் பேரங்காடி. நான் போகும் ஒன்றில் நாலு துண்டு இஞ்சியை நுரைத்தட்டில் வைத்து, மேலே கண்ணாடித்தாள் இழுத்து ஒட்டி, குளிர்ப்பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். கனம் பார்க்க முடியாது, கீற முடியாது, முகர முடியாது. பல நாள் அடிப்பக்கத்தில் பூஞ்சை. இஞ்சி வெப்பநாட்டுக் கிழங்கு. 12 டிகிரிக்குக் கீழே நெடுநாள் வைத்தால் குளிர்ச்சேதம் உண்டாகி, வெளியே எடுத்ததும் குழிவிழுந்து தொளதொளக்கும். அதை நாலைந்து டிகிரிக் குளிரில் அடுக்கிவைத்து அதற்குத் தூய்மை என்று பெயரிட்டிருக்கிறார்கள். தாளின் மேல் விலை இருக்கிறது, எடை இருக்கிறது, பொதிந்த நாள் இருக்கிறது. தோண்டிய நாள் இல்லை, ரகம் இல்லை, ஊர் இல்லை. பொதிந்த நாளைப் பிறந்த நாளாக நாம் படித்துக்கொள்கிறோம்.

6

எதிர்முகாமையும் விட்டுவைக்க முடியாது. சில ஆண்டுகளாக 'நாட்டு இஞ்சி' என்ற பெயர்ப்பலகை முளைத்திருக்கிறது. சிறுத்து, கறுத்து, கோணல்மாணலாக இருந்தால் போதும், அது பாரம்பரியம், விலை இரட்டிப்பு. மழமழப்பை நம்பியவர்கள் இப்போது கோணலை நம்புகிறார்கள். கண் பார்க்கும் பொருள் மாறியிருக்கிறது, மூக்கு இன்னும் வேலைக்கு வரவில்லை. வறட்சியில் சிறுத்த இஞ்சியும் உண்டு, காரமில்லாத கோணல் இஞ்சியும் உண்டு. வரதாவும் மஹிமாவும் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதற்காக அவற்றை ஒதுக்குவதும், ரியோ என்ற பெயருக்காக அதைச் சபிப்பதும் அறிவல்ல. ரியோவின் இளம் கிழங்கு ஊறுகாய்க்கு நன்றாகவே இருக்கும். ஒவ்வொன்றும் தன் வேலைக்கு நல்லது. அந்த வேலை எது என்று அறிவதைத்தான் பழைய சமையல்காரர்கள் கைப்பக்குவம் என்றார்கள்.

வேலைக்குப் போய்விட்டு இரவு ஏழு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களுக்கு இவ்வளவுக்கும் நேரம் ஏது என்று கேட்கலாம். இஞ்சியை அழுத்தி, காயத்தைப் பார்த்து, ஒரு கீறு கீறி முகர அரை நிமிடம் ஆகும். பேரங்காடியில் காசு கட்ட நிற்கும் வரிசையைவிட அது குறைவு. குறைவது நேரமல்ல, பழக்கம். பழக்கமும் தானாகக் குறையவில்லை. தொடாதே, முகராதே, படத்தைப் பார்த்து வாங்கு என்று பொறுமையாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

இதில் இழப்பு என்ன, ஒரு கோப்பைத் தேநீர் சப்பென்று இருந்தால் குடி முழுகிவிடுமா என்பவர்களுக்கு ஒரு செய்தி. இஞ்சிக்கு விதை கிடையாது. பூக்கும், ஆனால் விதை பிடிப்பதில்லை. கிழங்கின் துண்டைத்தான் மறுபடி நட வேண்டும். நெல்லென்றால் ஒரு கைப்பிடியைக் குளிரறையில் போட்டுப் பல ஆண்டு கழித்து எடுத்து விதைக்கலாம். இஞ்சியில் அது நடக்காது. யாராவது ஒருவர் ஆண்டுதோறும் மண்ணில் ஊன்றி, தோண்டி, மறுபடி ஊன்றிக்கொண்டே இருந்தால்தான் ஒரு ரகம் உயிரோடு இருக்கும். கோழிக்கோட்டு நிறுவனம் பல நூறு வகைகளை அப்படித்தான் கள வங்கியாகக் காத்துவருகிறது. ஆராய்ச்சி நிலையம் காக்கலாம், சமையலறைக்குக் கொண்டுவர அதனால் முடியாது. தாளவாடியிலோ கூடலூரிலோ காரமான ஒரு சிறு ரகத்தைத் தன் வீட்டுத் தேவைக்காக ஊன்றிவந்த விவசாயி, சந்தையில் அது விலைபோகவில்லை என்று இரண்டு பருவம் நிறுத்திவிட்டால், அவர் தோட்டத்தைப் பொறுத்தவரை அது முடிந்தது. நாம் கடையில் பொறுக்கும் ஒவ்வொரு துண்டும் அடுத்த சித்திரையில் எந்தக் கிழங்கு மண்ணுக்குள் போகும் என்பதற்கான வாக்குச்சீட்டு. நம்மில் பெரும்பாலோர் அந்த வாக்கைக் கண்ணை மட்டும் கேட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே குறிப்பெழுதும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மழமழப்பான, பருத்த, நாரற்ற இஞ்சியை வாங்குங்கள் என்று எழுதுவதற்கு முன்னால் 'ஊறுகாய்க்கு' என்ற ஒரு சொல்லையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அது மட்டும் இருந்தால் உங்கள் ஐந்து கட்டளைகளில் இரண்டாவது பிழைத்துக்கொள்ளும். சேர்க்க மனமில்லையென்றால், தேநீருக்கும் கஷாயத்துக்கும் ரசத்துக்கும் இஞ்சி வாங்குகிற எங்களை எங்கள் நாரோடும் மண்ணோடும் விட்டுவிடுங்கள்.